கொடைக்கானல் ஹோம்ஸ்டே வீடுகளைப் படமெடுத்துப் பிழைக்க முடியுமா?

வத்தலக்குண்டு ஸ்டுடியோ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வத்தலக்குண்டில் அப்பா தொடங்கிய ஸ்டுடியோவை நடத்துகிறேன். பாஸ்போர்ட் படம், காதுகுத்து, வளைகாப்பு, கல்யாணம் என எல்லாம் எடுப்போம். சோறு போடுவது கல்யாணம்தான். முகூர்த்தம் உள்ள மாதங்களில் இரண்டு குழுக்களை அனுப்பினாலும் ஆள் போதாது. ஆடி, புரட்டாசி, மார்கழி வந்துவிட்டால் கடையில் ஈ ஓட்டுகிறேன். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த மாதங்களின் முழுநேர வேலை.

அந்த மாதங்களை நிரப்ப ஒரு வழி தானாகக் கதவைத் தட்டியிருக்கிறது. ஒரு மாப்பிள்ளையின் தாய்மாமா கொடைக்கானலில் பள்ளங்கி பக்கம் மூன்று காட்டேஜ் வைத்திருக்கிறார். ஆல்பம் கொடுக்கப் போனபோது, "தம்பி, நம் காட்டேஜையும் நாலு படம் எடுத்துக் கொடு, ஏர்பிஎன்பி தளத்தில் போட்டு வாடகைக்கு விட வேண்டும்" என்றார். எடுத்துக் கொடுத்தேன். கல்யாணத்துக்குப் பணம் வாங்கிய கையால் மறுபடியும் அவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. அவரே, "குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் தங்கிக்கொள்" என்று கணக்கை முடித்துவிட்டார். அவர் சொல்லித்தான் இப்போது இன்னும் சிலர் அழைக்கிறார்கள். எல்லாரிடமும் ஒரே பேச்சு: "பணமாக வேண்டாமே, வந்து தங்குங்கள்." வத்தலக்குண்டுக்காரனுக்குக் கொடைக்கானலில் தங்கி என்ன ஆகப்போகிறது? மின்கட்டணத்தை இரண்டு இரவுத் தங்கலால் கட்ட முடியாதே.

என்னிடம் சோனி ஃபுல் பிரேம் கேமரா ஒன்றும் 24-70, 35, 85 லென்ஸ்களும் இரண்டு கோடாக்ஸ் பிளாஷும் இருக்கின்றன. வீட்டுப் படத்துக்கு இன்னும் அகலமாகப் பிடிக்கும் 16-35 லென்ஸ் வாங்கியே ஆக வேண்டும் என்கிறான் கூட்டாளி. ட்ரோனும் வேண்டும் என்கிறான். அவனுக்கு எதையாவது வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். யூடியூபில் அமெரிக்கக்காரர்கள், "படத்தை விற்காதே, ஒரு படத்துக்கு இவ்வளவு என்று அதைப் பயன்படுத்தும் உரிமத்தை விற்றுவிடு" என்கிறார்கள். நம் ஊரில் அது நடக்குமா? ஒரு வீட்டுக்கு என்ன கேட்கலாம்? இதை நம்பிக் கல்யாணத்தைக் குறைத்துக்கொள்ளலாமா, இல்லை வெற்று மாதங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வதா? இந்த வேலையில் இருப்பவர்களும் வீடு வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள்.


வில்பட்டி வீட்டுக்காரர் எழுதியது:

தம்பி, நீங்கள் யாரிடம் பணம் கேட்கப்போகிறீர்களோ அந்த ஆள் நான். வங்கியில் ஓய்வு பெற்று, கொடைக்கானல் பக்கத்து வில்பட்டியில் இரண்டு அறை கொண்ட வீட்டை வாடகைக்கு விடுகிறேன். எங்கள் தரப்புக் கணக்கைக் கேளுங்கள்.

ஓர் இரவு வாடகையில் சுத்தம் செய்பவர் கூலி, துணி வெளுப்பு, தளத்தின் கமிஷன் எல்லாம் போக எனக்கு 2,500 ரூபாய் நின்றால் நல்ல நாள். நீங்கள் 8,000 கேட்டால், உங்கள் படத்தைப் பார்த்ததால் மட்டுமே வந்த விருந்தினர் மூன்று நாலு இரவாவது தங்க வேண்டும். மே மாதத்தில் படம் எப்படி இருந்தாலும் வீடு நிரம்பும். ஆகவே உங்கள் படம் எனக்கு வேலை செய்ய வேண்டிய இடம் சீசன் அல்லாத செவ்வாயும் புதனும்தான். 2024 மே மாதத்திலிருந்து மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை உயர் நீதிமன்றம் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வைத்தது. வருகிற கூட்டத்துக்கு எல்லை இருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரும் நானும் அதே ஆட்களுக்காகத்தான் காத்திருக்கிறோம். அதனால் நல்ல படத்துக்கு நான் காசு கொடுக்கத் தயார். ஜூனில் கேட்டால் கொடுக்க மாட்டேன், பிப்ரவரியில் கேட்டால் கொடுப்பேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பு ஒருவர் வந்து எடுத்தார். வேலையில் கெட்டிக்காரர்தான். ஆனால் புல்தரையைப் பச்சைப் பசேலென்று ஆக்கிவிட்டார். வானத்தையும் மாற்றி நீலம் அடித்துவிட்டார். அறை இருப்பதைப் போல் இரண்டு மடங்கு தெரிந்தது. பார்த்து நானும் மகிழ்ந்தேன். ஜனவரியில் ஒரு குடும்பம் வந்தது. உறைபனியில் கருகிய புல்லையும், கட்டிலைச் சுற்றி நடக்க ஒடுங்க வேண்டிய அறையையும் பார்த்துவிட்டு, "படத்தில் இருப்பது வேறு வீடு" என்று எழுதி இரண்டு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போனது. படக்காரர் பணத்தோடு போய்விட்டார், அந்த இரண்டு நட்சத்திரம் என் வீட்டிலேயே தங்கிவிட்டது.

விருந்தினர்கள் என்னிடம் தொலைபேசியில் கேட்பதைச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கார் வாசல் வரை வருமா? எத்தனை படி ஏற வேண்டும், அம்மாவுக்கு முட்டி வலி. கீசர் இருக்கிறதா? மலைக்காட்சி கட்டிலிலிருந்து தெரியுமா, அல்லது வெளியே நடந்து போய்ப் பார்க்க வேண்டுமா? சமைத்துக்கொள்ளலாமா? பூச்சாடியைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. என்னிடம் வந்த படக்காரர் பூச்சாடியை நாலு கோணத்தில் எடுத்திருந்தார்.


முத்தியால்பேட்டை கேமரா எழுதியது:

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். நானும் கல்யாணத்திலிருந்து இதற்கு வந்தவள்தான். இப்போது என் வருமானத்தில் பெரும்பங்கு வாடகை வீடுகளும் சிறு விடுதிகளும். வில்பட்டி ஐயா சொன்னதை இரண்டு முறை படியுங்கள் தம்பி, அதில் பாதித் தொழில் இருக்கிறது.

முதலில் அந்தத் "தங்கிக்கொள்" விவகாரம். அதைக் கூலியாக ஏற்காதீர்கள், கூலிக்கு மேல் கேட்டு வாங்குங்கள். எங்கள் ஊரில் நான் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். உங்களுக்கு மலையேறவே இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. விடியற்காலை வெளிச்சத்தையும், சூரியன் மறைந்தபின் விளக்கெரியும் நீல வெளிச்சத்தையும் பிடிக்க அங்கே ஓர் இரவு இருந்தே ஆக வேண்டும். ஆகவே "கட்டணம் இவ்வளவு, படமெடுக்கும் இரவு அறையை எனக்காகக் காலியாக வைக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். வெறும் தங்கலுக்கு ஒப்புக்கொண்டால் அந்த மலை முழுக்க உங்களுக்கு அதுவே விலை ஆகிவிடும். வீட்டுக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள். உங்களுக்கு அழைப்பு வந்ததே அப்படித்தானே?

ஏர்பிஎன்பியின் கதையை எல்லா யூடியூப் ஆசிரியர்களும் சொல்வார்கள். 2009இல் நியூயார்க்கில் நிறுவனர்களே கேமரா வாடகைக்கு எடுத்து வீடு வீடாகப் போய்ப் படமெடுத்தார்கள், முன்பதிவு ஏறியது, மறு ஆண்டே படக்காரர்களை அனுப்பும் திட்டம் தொடங்கினார்கள். கதை உண்மைதான். ஆனால் அன்றைக்கு அந்தத் தளத்தில் இருந்தவை இருட்டில் எடுத்த மங்கல் படங்கள். இன்று எந்த வீட்டுக்காரர் கையிலும் அகலக் கோணம் உள்ள கைபேசி இருக்கிறது. நமக்குப் போட்டி மோசமான படம் அல்ல, பரவாயில்லை என்கிற படம். அதைத் தாண்ட அழகு மட்டும் போதாது. "இந்த வீட்டுக்குப் போனால் என்ன கிடைக்கும்" என்பது வருபவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். இதைத்தான் நான் விற்கிறேன். வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் வரும் கேள்விகள் குறைந்தால் நம் படம் வேலை செய்கிறது என்று பொருள்.

ஆகவே நான் எந்த வீட்டிலும் கேமராவை வெளியே எடுப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம், "வருபவர்கள் அடிக்கடி குறை சொல்வது எதை?" என்று கேட்பேன். குளியலறை சிறியது என்றால் அதைச் சிறியதாகவே தெரியும்படி எடுத்துக் கொடுப்பேன். முதலில் முகம் சுளிப்பார்கள். பிறகு புரிந்துகொள்வார்கள். உங்கள் மலையில் கடைசி நூறு மீட்டர் மண்பாதையும் படிக்கட்டும் கட்டாயம் பட்டியலில் இருக்க வேண்டும். வாசலில் ஒரு காரை நிறுத்தி எடுங்கள், இடம் எவ்வளவு என்று ஒரே பார்வையில் விளங்கும். கட்டிலில் தலைவைக்கும் இடத்திலிருந்து சன்னல் எப்படித் தெரிகிறது என்று ஒன்று. கீசர் கண்ணில் படும்படி குளியலறை ஒன்று. வானத்தை மாற்றும் வேலையை நான் தொடுவதே இல்லை. சுவரில் ஆணி ஓட்டையை அழிப்பேன், ஏனென்றால் நாளை அதைப் பூசிவிடலாம். எதிரே நிற்கும் மின்கம்பத்தை அழிக்க மாட்டேன்.

லென்ஸ் விஷயத்தில் கூட்டாளியின் பேச்சைக் கேட்க வேண்டாம். ஃபுல் பிரேமில் 24 இருந்தால் பாதி வீட்டை முடித்துவிடலாம். குளியலறைக்கும் சிறு சமையலறைக்கும் 20 அல்லது 18 தேவைப்படும், வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். 16இல் வைத்தால் பத்துக்குப் பத்து அறை கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிடும், ஐயாவுக்கு நடந்தது அதுதான். அதைவிட முதலில் வாங்க வேண்டியது ஆடாத முக்காலி, மட்டம் பார்க்கும் வசதியோடு. சுவரும் கதவும் செங்குத்தாக நிற்காவிட்டால் எவ்வளவு நல்ல வெளிச்சமும் வீண். கேமரா நெஞ்சு உயரத்துக்குக் கீழே, ஏறத்தாழ நாலடியில் இருக்கட்டும். கல்யாணக்காரர்கள் நின்ற கண் உயரத்திலிருந்தே எடுத்துப் பழகியிருப்போம், அப்படி எடுத்தால் படத்தில் பாதி தரையாகிவிடும். லென்ஸ் துளை எஃப்/8, ஒளியுணர்வு (ஐஎஸ்ஓ) 100 அல்லது 200. சன்னலுக்கு ஒன்று, அறைக்கு ஒன்று, மூலைக்கு ஒன்று என வெளிச்சம் மாற்றி மாற்றி எடுத்துப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

எனக்கு அதிகத் தலைவலி தந்தது நிறம். புதுச்சேரியில் எதிர்வீட்டு மஞ்சள் சுவரில் வெயில் பட்டால் இந்த வீட்டு அறையே மஞ்சள் காமாலையாகிவிடும். உங்களுக்கு வேறு தொல்லை இருக்கும். பழைய கொடைக்கானல் பங்களாக்களில் மரக்கூரை. பிளாஷைக் கூரையில் அடித்துத் திருப்பினால் வெள்ளை விரிப்பு ஆரஞ்சாகும். ஸ்டுடியோவில் கிடக்கும் தெர்மோகோல் அட்டையை எடுத்துப் போங்கள், அதில் அடியுங்கள். வெளியே மூடுபனி நீலமாகவும் உள்ளே பல்பு மஞ்சளாகவும் இருக்கும்போது எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஒன்று, போட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: வாடகை வீடுகளில் எந்த இரண்டு பல்பும் ஒரே நிறத்தில் எரியாது. கெட்டுப்போகும்போதெல்லாம் கிடைத்ததை மாட்டியிருப்பார்கள். என் பையில் ஒரே நிறத்தில் எரியும் 9 வாட் எல்இடி பல்புகள் ஒரு பெட்டி எப்போதும் உண்டு. மாட்டிவிட்டு அப்படியே விட்டுவந்து விலையைக் கட்டணச் சீட்டில் சேர்த்துவிடுவேன். இதுவரை யாரும் கழற்றிக்கொண்டு போகச் சொன்னதில்லை. பல்போடு துணிக்கு நீராவி பிடிக்கும் கருவி ஒன்றும் இரட்டைக் கட்டிலுக்கான வெள்ளை விரிப்பு ஒன்றும் போகும். எங்கள் ஊரில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வது தனி வேலை. உங்கள் மலையில் அது மிச்சம்.

வேலைக்காரரிடம் நல்லபடியாகப் பேசுங்கள். சொந்தக்காரர் பெங்களூரிலோ பாரிஸிலோ இருப்பார். வீட்டைத் திறந்து, படுக்கையை விரித்து, கணப்பு அடுப்பில் நெருப்பு மூட்டித் தருகிறவர் இவர்தான். முந்திய விருந்தினர் 11 மணிக்குப் போய் அடுத்தவர் 1 மணிக்கு வரும் இடைவெளியில் எடுக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது உச்சி வெயில் நேரம், அதோடு பாதி நேரம் துடைப்பத்துக்குப் போய்விடும்.

இப்போது பணம். என் கணக்கு இது: ஒரு படுக்கையறை வீட்டுக்கு 6,000 ரூபாய், கூடும் ஒவ்வொரு படுக்கையறைக்கும் 1,500, போக்குவரத்து தனி. பாதி முன்பணம், மீதி வந்த பிறகுதான் முழு அளவுப் படங்கள். இருபது முதல் இருபத்தைந்து படங்கள் கொடுப்பேன். ஒரு படத்துக்கு இவ்வளவு என்று விலை வைத்தால் வீட்டுக்காரர் ஐந்து அழகான படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு குளியலறையை விட்டுவிடுவார். பிறகு வருபவர் ஏமாந்ததற்கு நம் பெயர்தான் கெடும். இரண்டு நாளில் கொடுத்துவிட வேண்டும். கல்யாண ஆல்பம் மாதிரி மூன்று மாதம் இழுக்கும் பழக்கத்தை வத்தலக்குண்டிலேயே விட்டுவிட்டு மலையேறுங்கள். ஏர்பிஎன்பி கேட்கும் குறைந்த அளவு 1024க்கு 683 பிக்சல், நாம் அதைவிடப் பெரிதாகவே கொடுப்போம். கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்து எடுங்கள், ஆனால் தேடல் பட்டியலில் முதல் படம் ஓரம் வெட்டுப்பட்டு ஏறத்தாழச் சதுரமாகத் தெரியும். முக்கியமானதை நடுவில் வைத்து, இருபக்கமும் வெட்டுக்கு இடம் விடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கல்யாண வீட்டில் அண்ணன் முடிந்தால் தங்கை, பிறகு வளைகாப்பு, பிறகு முதல் பிறந்தநாள். வீடு அப்படி அல்ல. ஒருமுறை எடுத்தால் மூன்று நாலு ஆண்டு கூப்பிட மாட்டார்கள். கொடைக்கானலில் கேட்கிறவர்கள் எல்லாருக்கும் எடுத்து முடித்த பிறகு என்ன செய்வீர்கள்? நான் இரண்டு வழி வைத்திருக்கிறேன். ஒன்று, சொந்தக்காரர் வெளியூரில் இருக்க, பல வீடுகளைச் சேர்த்து நடத்திக் கொடுக்கும் ஆட்கள். விலையை அடிப்பார்கள், பணத்தை ஒன்றரை மாதம் தாமதிப்பார்கள், ஆனால் வேலை வந்துகொண்டே இருக்கும். என் வேலையில் பாதிக்கு மேல் அவர்களிடம் போகவிட மாட்டேன். மற்றொன்று, ஆண்டுக்கொருமுறை ஐந்தாறு படம் மட்டும் புதுப்பிக்கும் சிறு கட்டணம்: சோபா மாறியது, சுவர் நிறம் மாறியது, தோட்டம் வளர்ந்தது. ஒரே நாளில் ஒரே தெருவில் நாலு வீடு என்று சேர்த்துக்கொண்டால் கட்டுப்படியாகும்.

மாதக் கணக்கையும் பாருங்கள். உங்கள் ஆடியில் மலையில் மழையும் மூடுபனியும். மார்கழியில் வானம் தெளிவு, ஆனால் கிறிஸ்துமஸ் புத்தாண்டுக்கு வீடு காலியாக இருக்காது. படமெடுக்க நல்ல காலம் தை பாதி முதல் பங்குனி வரை, அதுவும் வார நாட்களில். தையும் மாசியும் உங்களுக்குக் கல்யாண மாதங்கள். ஆகவே "வெற்று மாதங்களை நிரப்ப" என்ற உங்கள் திட்டம் நினைத்தபடி பொருந்தாது. முகூர்த்த நாட்கள் கல்யாணத்துக்குப் போய்விடும் என்பதால், முகூர்த்தம் இல்லாத செவ்வாய் புதனில்தான் இந்தத் தொழில் உட்கார முடியும். கல்யாணத்தைக் குறைக்க வேண்டாம். கல்யாணத்துக்கு அனுப்பும் இரண்டாவது ஆளை நன்றாகப் பழக்குங்கள்.

ட்ரோன்: 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரையுள்ள நானோ வகைக்கு, பறக்கவிடுபவருக்கான சான்றிதழ் தேவையில்லை. அதைவிட எடை கூடினால் தொழிலுக்குப் பறக்கவிட அந்தச் சான்றிதழ் வேண்டும். டிஜிட்டல் ஸ்கை என்னும் அரசுத் தளத்தின் வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறம் என்று பார்க்க வேண்டும். உங்கள் மலையில் காடும் சரணாலயமும் பக்கத்திலேயே இருப்பதால் வனத்துறையைக் கேட்காமல் தொடாதீர்கள். எப்படியும் விருந்தினர் யாரும் வானத்திலிருந்து வந்து இறங்குவதில்லை. பள்ளத்தாக்கு விளிம்பில் நிற்கும் வீடாக இருந்தால் ஒரு படம் பயன்படும், மற்றபடி கூட்டாளியின் ஆசைதான்.


சேலம் வழக்குரைஞர் எழுதியது:

உரிமம் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் யூடியூபைப் பார்த்து இங்கே பலர் தவறான நம்பிக்கையில் இருக்கிறார்கள்.

1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் பாருங்கள். ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று எடுத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் அந்தப் பணம் கொடுத்தவர்தான். அமெரிக்காவில் தனித்தொழில் செய்யும் படக்காரரிடமே பொதுவாக உரிமை நிற்கும். ஆகவே அங்கே சொல்லும் "உரிமத்தை விற்றுவிடு" இங்கே ஒரு தாள் எழுதிக் கையெழுத்து வாங்காமல் செல்லாது. இன்னும் சொன்னால், தாள் இல்லாவிட்டால் நீங்கள் எடுத்த படத்தை உங்கள் ஸ்டுடியோ பக்கத்தில் போடவே வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும்.

பெரிய பத்திரம் தேவையில்லை, ஒரு பக்கம் போதும். பதிப்புரிமை படக்காரரிடம் இருக்கும். வீட்டுக்காரர் அந்த வீட்டை வாடகைக்கு விடுவதற்காக எந்தத் தளத்திலும், தம் இணையப் பக்கத்திலும், அச்சு விளம்பரத்திலும் பயன்படுத்தலாம். படக்காரர் தம் வேலையைக் காட்டப் பயன்படுத்தலாம். டைல்ஸ் கடையோ உள்ளலங்காரம் செய்தவரோ கேட்டால் அவர்கள் படக்காரரிடம் தனியே வாங்க வேண்டும். காலத்தையும் இடத்தையும் மறக்காமல் எழுதுங்கள். எழுதாவிட்டால் உரிமம் ஐந்து ஆண்டுக்கு மட்டும், இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். உலகம் முழுக்கத் தெரியும் தளத்தில் போடப்போகிறவருக்கு அது போதாது. வீட்டை விற்றால் படம் யாருக்கு என்பதையும் ஒரு வரி சேர்த்துவிட்டால் நல்லது, எங்கள் அலுவலகத்துக்கு அந்தச் சண்டை வந்திருக்கிறது.

கல்யாணமும் இதுவும் சேர்ந்து ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டும். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க மாட்டார்கள்.


வத்தலக்குண்டு ஸ்டுடியோ எழுதியது:

மூவருக்கும் நன்றி. முக்கியமாக அக்காவின் மாதக் கணக்கு. நான் மார்கழியைத்தான் பெரிதாக நம்பியிருந்தேன். லென்ஸைத் தள்ளிவைத்துவிட்டேன், கூட்டாளி என்னோடு பேசுவதில்லை.

இரண்டு சந்தேகம். நாள் குறித்துக்கொண்டு மலையேறினால் அன்று முழுக்க மூடுபனி என்றால் என்ன செய்வது, அந்த நாள் யார் கணக்கு? அடுத்து, பள்ளங்கி மாமாவிடம் ஏற்கெனவே இலவசமாக எடுத்துக் கொடுத்தாயிற்று. அவர் பெயரைச் சொல்லி வருகிறவர்களிடம் 6,000 என்று எப்படி ஆரம்பிப்பது?


முத்தியால்பேட்டை கேமரா எழுதியது:

மூடுபனி அன்று உள்ளறைகளை முடித்துவிடுங்கள். சன்னல் வெளுத்துப்போகாது, நிழல் மென்மையாக இருக்கும். உள்ளறைக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது. வெளித்தோற்றமும் பள்ளத்தாக்குக் காட்சியும் மட்டும் மிச்சம் இருக்கும். "அவற்றை அடுத்த முறை இந்தப் பக்கம் வரும்போது, கூடுதல் கட்டணமில்லாமல்; இதற்கென்றே தனியாக வரச் சொன்னால் போக்குவரத்துச் செலவு வீட்டுக்காரருடையது" என்று வழக்குரைஞர் சொன்ன அந்த ஒரு பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். காலையில் சீக்கிரம் தொடங்குங்கள், மதியத்துக்கு மேல் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். மூடுபனியோடு ஒரு வெளிப்படமும் எடுத்துக் கொடுங்கள். சென்னைக்காரர்கள் அதற்காகவும்தான் வருகிறார்கள், அதோடு எப்போதும் வெயில்தான் என்று நம்பி வந்து ஏமாறவும் மாட்டார்கள்.

மாமா விஷயம் எளிது. அவருக்கு எடுத்தது கல்யாண வீட்டு உறவு, சீர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக அழைப்பவரிடம் மாமாவின் படங்களை அனுப்பி, கீழேயே கட்டணத்தையும் முன்பணத்தையும் தேதியையும் எழுதி அனுப்புங்கள். தொலைபேசியில் விலை பேசாதீர்கள். கூச்சம் உள்ளவர்கள் எழுத்தில் கேட்பதுதான் நல்லது. பத்துப் பேரில் ஏழு பேர் பதில் அனுப்ப மாட்டார்கள், அனுப்பும் மூவர் போதும். வீடு சுற்றுலாத் துறையில் பதிவானதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதியில்லாத கட்டடங்களுக்கு உங்கள் மலையில் சீல் வைத்தது நினைவிருக்கும். படம் எடுத்து முடித்த மறுவாரம் வீடு பூட்டிக் கிடந்தால் மீதிப் பணம் வராது.


வில்பட்டி வீட்டுக்காரர் எழுதியது:

எழுத்தில் கேட்கச் சொன்னீர்களே அம்மா, நான் எழுத்திலேயே பதில் சொல்லிவிடுகிறேன். தம்பி, என் வீடு இரண்டு படுக்கையறை, அக்கா கணக்கில் 7,500. 7,000 தருகிறேன், இரவுச் சாப்பாடும் படுக்கையும் என் பொறுப்பு. படிக்கட்டுப் படம் கட்டாயம் வேண்டும், முப்பத்தாறு படியும் தெரிய வேண்டும். மாசி பிறந்ததும் ஏதாவது ஒரு செவ்வாய் மாலை வந்துவிடுங்கள், புதன் காலை எடுக்கலாம். வண்டிக்கு இ-பாஸ் போட்டுக்கொண்டு வாருங்கள், அரசுப் பஸ்ஸில் வந்தால் அது தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவர வேண்டாம். இங்கே தடை இருக்கிறது, அபராதம் கட்ட நேரிடும், மேசையில் மறந்து வைத்தால் படத்திலும் விழும். பல்பு பெட்டியை மறக்காதீர்கள், என் கூடத்தில் மூன்று நிறம் எரிகிறது.